நானே கட்டிக்கொண்ட மஞ்சள் கயிறு

அடிவாரத்துக் கடைகள் அப்போதுதான் படுதாவைத் தூக்கிக்கொண்டிருந்தன. தேங்காய், சூடம், பன்னீர் பாட்டில் எல்லாம் அடுக்கிய பலகைக்குப் பின்னால் கடைக்கார அம்மா உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பாப்பா வேணும்?"

"மஞ்சக் கயிறு ஒன்னு."

"தாலிக் கயிறா? யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

"மாத்திக் கட்டவா? இன்னைக்கு சனிக்கெழமையாச்சே. திங்கக்கெழம மாத்து பாப்பா, அதான் நல்லது."

"சரிங்க."

கையைப் புடவையில் துடைத்துவிட்டு, தொங்கிய கொத்திலிருந்து ஒரு கயிற்றை உருவினார். நான் கேட்காமலே விரலி மஞ்சள் ஒன்றையும் சேர்த்துத் தாளில் சுருட்டிக் கொடுத்தார். "நல்லா இரும்மா, புள்ளகுட்டியோட" என்றார்.

பொய்க்கு ஆசீர்வாதம் வாங்கியது அதுதான் முதல் தடவை. அப்புறம் பழகிவிட்டது.

குளத்துப் படிக்கட்டில் ஒரு குடும்பம் மொட்டைத் தலைகளில் சந்தனம் பூசிக்கொண்டு தெலுங்கில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கயிற்றில் மஞ்சளைக் கட்டினேன். கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், கண்ணால் பார்க்காமல் முடிச்சுப் போடுவது சுலபமில்லை. இரண்டு தடவை நழுவியது. மூன்று முடிச்சு என்று தெரியும். ஒன்றோடு விட்டுவிட்டேன்.

கயிற்றின் ஈர மஞ்சள் கழுத்தில் ஒட்டியது. பச்சை மஞ்சள் வாடை என் சுடிதாருக்குள்ளேயே குடிவந்துவிட்ட மாதிரி இருந்தது.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இன்றும் ஆகவில்லை. தனியாக இருக்க எனக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்தக் கயிறு.

தணிந்த ஊர்

இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் தொடரைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் கடிதம் எழுதியிருக்கிறார். "தங்கள் எழுத்தில் கோபம் மிகுதி. முருகனின் சினமே தணிந்த திருத்தணியில் இருந்துகொண்டு தாங்கள் இப்படி எழுதலாமா?"

ஐயா, இதைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் சொன்னார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். பல் பிடுங்கிய டாக்டர்கூடச் சொன்னார். எங்கள் ஊரில் கோபப்படுகிற பெண்ணுக்கு இந்தக் கதை இலவசமாகக் கிடைக்கும். கோபப்படுகிற ஆணுக்கு யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

சாமி சண்டையை முடித்துவிட்டு வந்தவர். ஜெயித்துவிட்டு வந்தவர். ஜெயித்த பிறகு யாருக்கும் கோபம் தணியும்.

என் கோபம் எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிட்டு மறுபடி கயிற்றுக்கு வருகிறேன்.

கூடத்தில் படித்த நோட்டு

ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் எங்கள் கிராமம். நைனாவுக்கு வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற கொஞ்சம் நிலம். வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஓர் அறை. அந்த அறையில் வேர்க்கடலை மூட்டைகள் இருக்கும். அடுத்த தெருவில் விசைத்தறி ஓடும் சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால்தான் அந்தச் சத்தம் இருந்ததே தெரியும்.

அந்த வீட்டில் தனியாக இருக்க முடிந்த ஒரே இடம் குளியலறை. அதுவும் வெளியே ஒருவர் வாளியோடு நிற்காதவரை. பதிமூன்று வயதில், வயலில் மோட்டார் கொட்டாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். கிரீஸ் வாடை, மூலையில் குளவிக்கூடு, சுவரில் பல்லி. ஒரு நாள் என்னைக் காணோம் என்று மூன்று தெரு தேடி, நைனா வந்து கொட்டாய்க் கதவைத் தள்ளினார். "இங்க யாரு கூட இருந்த?" என்று கேட்டுக்கொண்டே அடித்தார். நான் எழுந்து நின்று, "யாரும் இல்ல நைனா, யாரும் இல்ல" என்றேன். அவர் அதை நம்பவில்லை. யாருமில்லாத இடத்துக்கு ஒரு பெண் ஏன் போக வேண்டும் என்பது அவருக்குப் புரியவே இல்லை.

பிறகு நோட்டு எழுத ஆரம்பித்தேன். நீள நோட்டு, பழுப்பு அட்டை. மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன்.

என் அக்காவின் கணவரை நாங்கள் பாவா என்றுதான் கூப்பிடுவோம். எல்லோருக்கும் பிடித்த மனிதர். வந்தால் வீடே சிரிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச் சோறு நடந்துகொண்டிருந்தபோது, வேர்க்கடலை எடுக்க அறைக்குள் போனவர் என் நோட்டோடு வந்தார். நான் சமையல்கட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"மகா ஜனங்களே!" என்று செய்தி வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார். "எங்க கொழுந்தியா எழுதினது கேளுங்க."

'மற்றவர்களோடு இருக்கும்போது நான் யாரோ ஒருத்தி. தனியாக இருக்கும்போதுதான் என் முகம் எனக்கு ஞாபகம் வருகிறது.'

"ஏன், வூட்ல கண்ணாடி இல்லியா?" என்றார். கூடம் சிரித்தது. அக்கா சிரித்தாள். நைனாவும் இலையைப் பார்த்துச் சிரித்தார்.

நான் கரண்டியோடு ஓடி வந்தேன். "குடுங்க பாவா." அவர் நோட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்த பக்கம் என் உடம்பைப் பற்றியது. அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. அவர் அதையும் படித்தார். மூன்றாவது வரியில் செய்தி வாசிக்கிற குரல் போய்விட்டது. நான்காவது வரியில் நிறுத்திவிட்டார். ஆனால் கண் நிற்கவில்லை. அந்தப் பக்கம் முடியும்வரை அவர் கண் வரிவரியாக இறங்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நைனா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். சமையல்கட்டில் அப்பளம் கருகிய நாற்றம் வந்தது.

அம்மா வந்தாள். என்னைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், பாவாவின் இலையைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா மாப்ள?" என்றாள்.

அந்த நாளில் நான் மன்னிக்கவே முடியாது என்று வைத்துக்கொண்டது பாவாவை அல்ல. அந்த ரசக் கரண்டியை.

சாயந்திரம் நைனா முடிவு சொன்னார். "சீக்கிரம் ஒரு எடம் பாக்கணும். தனியா வுட்டு வுட்டுத்தான் இப்பிடி ஆயிட்ச்சு."

என்னை எப்போது தனியாக விட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருத்தர் எப்படிம்மா ஃபேமிலி?

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் தமிழில் டைப் அடித்துக் கொடுப்பேன். நாள் முழுவதும் மற்றவர்களின் சந்தோஷமும் துக்கமும் ஒரே மாதிரி வார்த்தைகளில் என் விரல் வழியாகப் போகும்.

வேலை முடிய நேரமாகிறது, பஸ் கிடைப்பதில்லை, கூட வேலை பார்க்கிற பெண்ணோடு அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். நல்ல இடம் அமையும்வரை என்று நைனா ஒப்புக்கொண்டார். அப்படி ஒரு பெண் கடையில் இல்லை. அதுதான் முதல் பொய்.

வீடு தேடினேன். முதல் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "நீங்க எந்த ஆளுங்கம்மா?" என்று ஆரம்பித்தார். சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டினார். "வூட்டுக்காரர் இன்னா பண்றாரு?"

"கல்யாணம் ஆவலைங்க."

பேப்பரை மடித்தார். "ஃபேமிலிக்குத்தாம்மா குடுக்குறோம்."

"நானும் ஃபேமிலிதாங்க."

"ஒருத்தர் எப்படிம்மா ஃபேமிலி ஆவும்?"

இரண்டாவது வீட்டு அம்மா மோர் கொடுத்து உபசரித்தார். குடித்து முடித்ததும் சொன்னார். "தனியா இருந்தா உன் மனசு கெட்டுப் பூடும்மா. எங்க பசங்க மனசும் கெட்டுப் பூடும்."

மூன்றாவது வீட்டில் கம்பிக் கதவைத் திறக்கவே இல்லை. "அப்பா அம்மாவ கூட்டிகினு வா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

அன்று கடைக்குத் திரும்பி ஒரு கல்யாணப் பத்திரிகை டைப் அடித்தேன். மணமகன் பெயர் பிரபாகர். பெயரைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருந்தார்கள். போட்டேன். அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலைதான் அடிவாரத்துக்குப் போனது.

பிரபாகர்

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் சரோஜா அக்காவின் வீடு. ஐம்பது வயதிருக்கும். கணவர் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், அதிகம் பேச மாட்டார். மாடியில் ஓர் அறை, சின்னச் சமையல் மேடை, வெளியே தண்ணீர்த் தொட்டி.

அக்கா முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, கழுத்தை.

"வூட்டுக்காரு கூட வரலியா?"

"மஸ்கட்ல கீறாருக்கா. ஏசி மெக்கானிக்."

"பேரு?"

"பிரபாகர்."

"கல்யாணம் ஆயி எத்தினி நாளு?"

"நாலு மாசங்க்கா. ஒரு மாசம்தான் கூட இருந்தாரு."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம்டி நீ" என்றார். சாவி என் கைக்கு வந்துவிட்டது.

கடைக்கு வார விடுமுறையான அந்த முதல் செவ்வாய்க்கிழமையை நான் மறக்க மாட்டேன். கதவைச் சாத்தினேன். வெறும் தரையில் மல்லாந்து படுத்தேன். யாரும் கூப்பிடவில்லை. அரக்கோணம் பக்கமிருந்து ஒரு ரயில் வந்து, தரை லேசாக நடுங்கி, அடங்கியது. மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தது. நான் எழுந்திருக்கவில்லை. அது மேடையிலிருந்த தக்காளியைக் கை நீட்டி எடுத்துக்கொண்டு போனது. என் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "செல்வி." பழைய சோற்றில் மோர் ஊற்றி, வெங்காயம் கடித்துக்கொண்டு, சட்டியிலிருந்தே சாப்பிட்டேன். யாருக்கும் பரிமாறாமல் சாப்பிட்ட முதல் மத்தியானம் அது.

அந்த மாதிரி இரண்டு மூன்று செவ்வாய்தான் கிடைத்தது. அதற்குள் பிரபாகர் வளர ஆரம்பித்துவிட்டான்.

அவனுக்கு என்ன பிடிக்கும் என்று அக்கா கேட்டார். கருவாட்டுக் குழம்பு என்றேன். அவன் அம்மா எப்படி என்றார். கொஞ்சம் கடுகடுப்பு என்றேன். ஃபோட்டோ கேட்டார். ஃபோன் தண்ணீரில் விழுந்து எல்லாம் அழிந்துவிட்டது என்றேன். மாடிப்படியில் இறங்கும்போது ஃபோனைக் காதில் வைத்து, "சாப்டீங்களா? ஆங், நான் சாப்ட்டேன்" என்று ஒன்றுமில்லாத ஃபோனில் பேசினேன். ஒரு தடவை அவனோடு சண்டைகூடப் போட்டேன். அன்று அக்கா எனக்குப் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தார்.

வெளியேயும் எல்லாம் மாறியது. "எங்கம்மா போற, ஏறு" என்ற ஆட்டோக்காரர், "எங்கக்கா போவணும்?" என்றார். சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் பின்னால் வந்து பாட்டுப் பாடுகிறவன், கழுத்தைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினான். கடை முதலாளி என்னிடம் 'வாங்க போங்க' ஆரம்பித்தார். கல்யாணம் திடீரென்று நடந்துவிட்டது என்று அவரிடமும் சொல்லியிருந்தேன். இருபத்தேழு வருடம் நான் படித்த படிப்பு, பார்த்த வேலை, எழுதிய எழுத்து எதுவும் வாங்கித் தராத மரியாதையை ஒரு முழக் கயிறு வாங்கித் தந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிட மோசமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. கூட்டத்தில் கயிற்றை எடுத்துச் சுடிதாருக்கு வெளியே விட்டுக்கொள்வேன்.

இன்னொன்று. எழுதத்தான் அந்த அறை எடுத்தேன். எட்டு மாதத்தில் பதினொரு பக்கம் எழுதினேன். கற்பனை முழுவதையும் பிரபாகர் தின்றுவிட்டான். ஒவ்வொரு நாளும் படியேறும்போது, நேற்று அவனைப் பற்றி என்ன சொன்னேன், இன்று என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். தனியாக இருக்க வந்தவள், இல்லாத ஒருவனோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு மலை நிறைய காவடி. அக்கா ஒரு பொழுது மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்தார். படியேறி, கூட்டத்தில் இடிபட்டு, என் நெற்றியில் வைக்கத் திருநீறு கொண்டுவந்தார்.

"உன் வூட்டுக்காரு நல்லபடியா வந்து சேரணும்னு வேண்டிகினேன்டி. எனுக்கும் அப்பிடித்தான். கல்யாணமான புதுசுல எங்காளு வடக்க டூட்டில மூணு வருசம். தனியா கெடந்து அழுதுகினே இருப்பேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்டதான் சொல்றேன்."

அவர் அழுதார். நானும் அழுதேன். என் அழுகை எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

அம்மா வந்த நாள்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு விடுமுறை நாள். துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே கேட் திறக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் அம்மா நிற்கிறாள். இடுப்பில் வேர்க்கடலைப் பை, கையில் முருங்கைக்கீரைக் கட்டு. கடையில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். எட்டு மாதமாக ஊருக்குப் போகும்போதெல்லாம் கயிற்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்வந்தவள் நான். அன்று கழற்ற நேரம் கிடைக்கவில்லை.

சரோஜா அக்கா முந்திக்கொண்டார். "செல்வியோட அம்மாங்களா? வாங்க வாங்க. மாப்ள லீவு கேட்டுகினு கீறாராமே, எப்ப வராராம்?"

அம்மா அக்காவைப் பார்த்தாள். அப்புறம் மேலே என்னைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். படியேறி வந்தாள். அறைக்குள் வந்து பையை வைத்துவிட்டு, என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"யார்டி அவன்?"

"யாரும் இல்லம்மா."

"யாரும் இல்லாம கயிறு எப்டி வந்திச்சி?"

"கடையில வாங்கினேன். அடிவாரத்துல."

"யாரு கட்டினது?"

"நானே கட்டிகினேன். தனியா கீறவளுக்கு யாரும் வூடு தரல."

அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். நம்புகிறாளா என்று தெரியவில்லை. அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு தம்ளர், கொடியில் ஒருத்தியின் துணி. அப்போது நம்பினாள் என்று நினைக்கிறேன்.

"யாருமே இல்லாததுக்கா இத்தினி பொய்யி?" என்றாள் மெதுவாக.

கதவு தட்டிக்கொண்டு அக்கா உள்ளே வந்தார். தட்டில் இரண்டு காபி. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து தட்டை வாங்கிக்கொண்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மாப்ள நேத்துகூட போன் பண்ணாருங்க. தை மாசம் வந்துடுவாராம். தங்கமான மனுசன். எம் பொண்ணு குடுத்து வெச்சவ."

எங்கும் தடுமாறவில்லை. என்னைவிட நன்றாகச் சொன்னாள். எட்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதை அம்மா ஒரு காபித் தட்டோடு செய்து முடித்தாள். இவள் வாழ்நாள் முழுக்க இதைத்தான் செய்திருக்கிறாள் என்று அப்போது எனக்குப் பட்டது. எது நடந்தாலும் மூடு. எது உடைந்தாலும் சிரி. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு கோபம் வந்தது. அவள் மேல் மட்டும் இல்லை. அதே வேலையைச் செய்துகொண்டிருந்த என் மேல்.

"பொய்க்கா" என்றேன்.

அக்கா சிரித்தபடியே திரும்பினார். "இன்னா?"

"பிரபாகர்னு யாரும் இல்லக்கா. எனக்குக் கல்யாணம் ஆவல."

"செல்வி, சும்மா இரு" என்றாள் அம்மா.

நான் கயிற்றைத் தலை வழியாக உருவினேன். மஞ்சள் துண்டு முடியில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன். கொஞ்சம் முடியோடு வந்தது.

அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார், பதிலுக்கு நானும் கத்தலாம் என்று தயாராக நின்றேன். அவர் கத்தவில்லை.

"உனுக்காக நான் கிருத்திகை இருந்தேன்டி" என்றார். "மூணு வருசம் நான் அழுதத உன்கிட்ட சொன்னேன். எம் பொண்ணுகிட்ட கூட சொன்னதில்ல. நீயும் அதே மாதிரி தனியா கெடக்குறன்னு நெனச்சிதான் சொன்னேன்."

"வேற வழி இல்லக்கா. நெஜத்தச் சொன்னா வூடு குடுத்திருப்பீங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "குடுத்திருக்க மாட்டேன்" என்றார். "மாசக் கடைசில காலி பண்ணிடு."

தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்த மாதம் முழுவதும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபப்பட உரிமை இருந்தது. அவருக்கு என் மேல் கோபப்பட அதைவிட அதிகம் இருந்தது. நான் காலி செய்த அன்று மன்னிப்புக் கேட்கக் கீழே போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.

அம்மாவை பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வந்ததும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "வாய மூடிகினு இருந்திருந்தா வூடாவது இருந்திருக்கும்" என்றாள்.

"இப்படிச் சொல்லிச் சொல்லித்தாம்மா..." என்று ஆரம்பித்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

மாவு மில்லுக்கு மேலே

அப்புறம் ஒன்பது வீடுகளில் நிஜத்தைச் சொல்லிக் கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் சொன்னேன். "கல்யாணம் ஆவல. தனியாத்தான் இருப்பேன். எழுதுவேன்." ஒன்பது வீட்டிலும் இல்லை என்றார்கள். ஒரு வீட்டில் மட்டும், "என்னா எழுதுவ? மொட்டைக் கடுதாசியா?" என்று விசாரித்துவிட்டு இல்லை என்றார்கள். ஒவ்வொரு தடவை தெருவுக்கு வரும்போதும் கழுத்து வெறுமையாக, லேசாக, எரிச்சலாக இருந்தது. மஞ்சள் படிந்த இடத்தில் தோல் நிறம் மாறியிருந்தது.

பத்தாவது, கே.ஜி.கண்டிகை போகிற வழியில் ஒரு மாவு மில். அதற்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. மில்காரர் தலை, புருவம், மீசை எல்லாம் மாவாக நின்றுகொண்டிருந்தார். நான் வழக்கம்போல ஒப்பித்தேன்.

"பகல்ல மில்லு ஓடும், தரை அதிரும். பரவால்லியா?" என்றார்.

"பரவால்லண்ணா."

"தண்ணி மோட்டார் காலைல ஒரு வாட்டிதான் போடுவேன். புடிச்சி வெச்சிக்கணும்."

"சரிண்ணா. வேற எதுனா கேக்கணுமா?"

"வேற இன்னா கேக்கணும்?" என்று என்னையே கேட்டார்.

படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். நன்றியில் இல்லை. இவ்வளவு சாதாரணமாக முடிந்திருக்க வேண்டிய விஷயம் என்று தெரிந்த ஆத்திரத்தில்.

அங்கேதான் இப்போதும் இருக்கிறேன். இந்த வரியை எழுதும்போது கீழே யாருக்கோ மிளகாய்த் தூள் அரைக்கிறார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கடை முதலாளியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் மறுபடி 'வா போ'வுக்கு இறங்கிவிட்டார். நைனாவுக்கு நான் தனியாக இருப்பது தெரியும். பேசுவதில்லை. பாவாவுக்கு இந்தத் தொடர் வருவது தெரியும். வாசிக்கிறாராம். இப்போது மூட்டைக்குப் பின்னால் தேடி எடுக்க வேண்டியதில்லை, கடையில் தொங்குகிறது. உரக்கவே வாசிக்கட்டும்.

குடிவந்த மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அம்மா வந்தாள். கடைக்கு வார விடுமுறை, நான் எழுத உட்கார்ந்திருந்தேன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கும் சொல்ல நிறைய பாக்கியிருந்தது.

அவள் ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. ஜன்னலைத் திறந்து பார்த்தாள். கதவைச் சாத்தித் திறந்து பார்த்தாள். பாயைக் கையால் தட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"உனுக்கு வெளிய எதுனா வேல கீதா?"

"இல்லியே. ஏம்மா?"

"இருந்தா போய்ட்டு வா."

"வேல ஒன்னும் இல்லன்றேன்."

"ஒரு ரெண்டு மணி நேரம்" என்றாள். "எதுனா வேல இருக்கும், போ."

எனக்குப் புரிய நேரமாகியது. நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

கீழே வந்து மில் வாசலில், காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாமியார் இருக்கும்போது மாமியாரோடு, பிறகு எங்களோடு, கூடத்தின் ஓரத்தில் தலைமாட்டில் சாவிக்கொத்தோடு படுத்தவள். அவளுக்கும் இப்படி ஒன்று வேண்டியிருக்கும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. தனிமையை நான் மட்டும் கண்டுபிடித்த மாதிரிதான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த வெட்கமும் கோபமாகத்தான் வந்தது. நோட்டைப் படித்த அந்த மத்தியானத்துக்காக அவள் மேல் இருந்த கோபம் குறையவில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ரசக் கரண்டியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் படியேறிப் போய்க் கதவைத் தட்டவும் இல்லை.

மில்காரர் தலையை நீட்டினார். "மேல யாரு, அம்மாவா? தூங்குறாங்களா? வேணும்னா மில்ல நிறுத்தறேன்."

"தெரியலண்ணா. என்னா பண்றாங்கன்னு தெரியல."

"கேட்டுகினு வரவா?"

"வேணாண்ணா. ஓடட்டும்."

இரண்டு மணி நேரம் சொன்னவள் மூன்று மணி நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். தலையை அவிழ்த்து வேறு மாதிரிக் கொண்டை போட்டிருந்தாள். என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாவியை என் கையில் வைத்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தவள், நான்கு எட்டு போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த செவ்வாக்கெழமையும் வருவேன்" என்றாள். "நீ வூட்ல இருக்காத."